ராமநகரத்தில் இரண்டு நாள்: தோப்பு விடுதியும் பட்டுக்கூடு மண்டியும்

பெங்களூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படுத்து எழுந்து வருவதற்கு ஓர் இரவுக்கு 6,800 ரூபாய் கொடுக்க வேண்டுமா என்று அல்சூரில் எங்கள் மாடிவீட்டுக்காரர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ராமநகரத்துக்கு அருகே, பாறைக் குன்றுகளைப் பார்த்தபடி மாந்தோப்புக்குள் இருக்கும் பழைய பண்ணைவீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே நானும் கணவரும் என் அம்மாவும் ஒரு வெள்ளிக்கிழமை போய் மறுநாள் மாலை வரை தங்கினோம். குறையும் சொல்லப்போவதால் விடுதியின் பெயரை எழுதவில்லை.

அறையைப் பற்றிக் குறையே இல்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரை, கால் வைத்தால் குளிர்கிற சிவப்புக் காவித் தரை, இரண்டு பேர் காலை நீட்டி உட்காரக்கூடிய திண்ணை, துவைத்த வாசனை மாறாத விரிப்பு எல்லாம் சொன்னபடியே இருந்தன. வெந்நீர் வரக் கால்மணி நேரம் ஆகிறது. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. சன்னலைத் திறந்தால் தெரிகிற கருங்கல் குன்றுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. மைசூர் அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த பாரி குளோஸின் பெயரால் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் குளோஸ்பேட் என்று பெயர். ஊர் அந்தப் பெயரை உதறிவிட்டது. பாறைக்கோ நிலவியலாளர்களிடம் இன்றும் குளோஸ்பேட் கிரானைட் என்றுதான் பெயர்.

சாப்பாட்டில்தான் முதல் ஏமாற்றம். பெங்களூரிலிருந்து வருகிற வழியில் பிடதியில் இறங்கி, வெண்ணெய் உருகி வழிகிற தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு, இரவு உணவாகப் பனீர் மசாலாவும் வெள்ளைச் சாஸில் ஊறிய பாஸ்தாவும் வைத்தார்கள். கேழ்வரகுக் களியும் கீரைச் சாறும் கிடைக்குமா என்று அம்மா கேட்டதற்கு, ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. சுற்றிலும் கேழ்வரகு விளைகிற ஊரில் களிக்கு முன்பதிவு கேட்பது வேடிக்கைதான்.

அதைவிடப் பெரிய குறை வேறு. விடுதியின் வரவேற்பறையில் பட்டுக்கூடுகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். அறைகளுக்கும் பட்டு சம்பந்தமான பெயர்கள்தான். ஆனால், ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படும் பட்டுக்கூடு மண்டி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம், நாத்தம் அடிக்கும்" என்று மேலாளர் எங்களைத் தடுக்கவும் பார்த்தார். காலை ஆறரைக்குக் கிளம்ப நினைத்தோம். காபி ஏழரைக்குத்தான் என்றார்கள், வாயிற்கதவின் சாவியை வைத்திருந்தவரையும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

நாற்றம் அடித்தது உண்மை. கூட்டுக்குள் உயிரோடிருக்கும் புழுவின் பச்சை வாடையும், பக்கத்துத் தெருக்களில் கூடுகளை வேகவைத்து நூல் எடுக்கும் இடங்களிலிருந்து வரும் ஆவியும் சேர்ந்த வாடை அது. கால்மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது. மண்டிக்குள் நீளநீளமான தட்டுகளில் கூடுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள்: ஒரு பக்கம் சற்று அதிக விலை போகும் வெண்பட்டுக்கூடு, மறுபக்கம் இளமஞ்சள் கூடு. நூற்பாளர்கள், அதாவது அங்கே எல்லோரும் ரீலர் என்று சொல்கிறவர்கள், கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார்கள், அழுத்திப் பார்க்கிறார்கள், ஒன்றைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்குகிறார்கள். பிறகு கூச்சல் எதுவும் இல்லை. ஏலம் கைபேசியில் நடக்கிறது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு லாட் எண், அதற்கு அவரவர் விரலால் தட்டுகிற விலை, அவ்வளவுதான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூடு கொண்டுவந்திருந்த ஒரு விவசாயி, நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு அம்மாவை அருகே கூப்பிட்டார். விலை பிடிக்காவிட்டால் நாளை விற்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "வெச்சிருந்தா எடை இறங்கிப் போயிரும்மா, இன்னும் விட்டா பூச்சி ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துரும்" என்றார். ஒரு நல்ல வெண்பட்டுக்கூட்டில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே இழையாக நூல் இருக்கிறது. பூச்சி துளைத்துவிட்டால் அந்த இழை அறுந்து, கூடு கழிவு விலைக்குப் போய்விடும். பேரம் பேசும் இடத்தில் விற்பவரின் கை ஏன் தாழ்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. காஞ்சிபுரத்துத் தறிகளுக்குக் கர்நாடகத்துப் பட்டுநூல் போகிறது என்பதை அம்மா கேள்விப்பட்டிருக்கிறார். ஆனாலும் தன் முகூர்த்தப் புடவை தொடங்கும் இடத்தைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தது அன்றுதான். உள்ளே லேசாக 'கடகட' என்றது.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சென்னபட்டணம். 2023 மார்ச்சில் பெங்களூர் – மைசூர் விரைவுச்சாலை திறந்த பிறகு மைசூர் போகிறவர்கள் ஊருக்குள் வராமலே கடந்துவிடுகிறார்கள். பழைய சாலையோரத்துப் பொம்மைக் கடைகளில் அந்த வெறுமை கண்ணுக்குத் தெரிகிறது. நாங்கள் நுழைந்த பட்டறையில் ஒருவர் வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினார். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் நிறமாகப் பிடித்தது. தாழை மடலை வைத்து ஒருமுறை தேய்த்ததும் பளபளப்பு வந்துவிட்டது; தூரிகை, வார்னிஷ் எதுவும் இல்லை. விடுதி வரவேற்பறையில் 350 ரூபாய்க்கு வைத்திருந்த பம்பரம் போன்றதே பட்டறையில் 120 ரூபாய்.

புத்தகத்தோடு தோப்பில் படுத்துக் கிடக்க வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது என்பவர்கள் அந்த 6,800 ரூபாயைத் தாராளமாகக் கொடுக்கலாம். அறை அதற்குத் தகுதியானதுதான். மற்றவர்கள் காலை ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ராமநகரத்தில் இறங்கி, ஏலம் முடிவதற்குள் மண்டிக்குப் போய்விடலாம். மாடிவீட்டுக்காரர் அடுத்த மாதம் மனைவியோடு போகப்போகிறாராம். விடுதியின் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். அதே தாளின் பின்பக்கத்தில் ரயில் நேரத்தையும் எழுதியிருக்கிறேன்.