வேலூர்ல ஒரு பேங்க் பிராஞ்ச், என் ஹோம் லோன், ஒரு மொய் நோட்டு

அஞ்சுக்கு மூணு ஸ்டார். பேங்க் பேர போடல, ஏன்னா இன்னும் 20 வருஷம் அதே கவுண்டர்ல போய் நிக்கப்போறவன் நான் தான். வேலூர் டவுனுக்குள்ள இருக்குற ஒரு பிராஞ்ச்னு வச்சிக்கோங்க.

காட்பாடி சைடுல 42 லட்சத்துக்கு ஒரு வீடு பாத்தோம். வீட்டுக்கே வந்து பேசுன மார்க்கெட்டிங் தம்பி "90 பர்சன்ட் லோன் கெடைக்கும் சார், நாலு நாலரை லட்சம் கைல இருந்தா போதும்"னு சொல்லிட்டு காபி குடிச்சிட்டு போயிட்டாரு. நம்பி அட்வான்ஸும் குடுத்தாச்சு. அப்புறம் பிராஞ்சுக்கு போனா அங்க சொல்றாங்க, 90 எல்லாம் லோன் தொகை 30 லட்சத்துக்குள்ள இருந்தா தான், அதுக்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80 தான், அது ரிசர்வ் பேங்க் ரூல்னு. அதாவது 33.6 லட்சம் அவங்க, 8.4 லட்சம் நாம. அதோட முடிஞ்சுதா? பத்திரச் செலவு 7 பர்சன்ட் முத்திரைத்தாள், 2 பர்சன்ட் பதிவுக் கட்டணம், கிட்டத்தட்ட 3.8 லட்சம், அது லோன் கணக்குலயே வராது. மொத்தம் 12 லட்சத்துக்கு மேல நம்ம கைல இருக்கணும். இத முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதி குடுத்திருந்தா ஒரு ஸ்டார் கூட போட்டிருப்பேன்.

என்கிட்ட சேமிப்பு 5 லட்சம். அப்பா 4 லட்சம் தரேன்னாரு, குடியாத்தம் மாமா 2 லட்சம், மிச்சத்துக்கு எங்க கல்யாண மொய்ல பீரோவுல வச்சிருந்த ஒன்றரை லட்சம். பணம் இருக்குதே, போதும்னு நெனச்சிட்டேன், இருந்தா மட்டும் போதாதாம், எங்கருந்து வந்துச்சுனு காட்டணுமாம். 6 மாச ஸ்டேட்மென்ட்ல புதுசா விழுந்த ஒவ்வொரு பெரிய தொகைக்கும் பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு குடுத்தாங்க. கடனா வாங்குன பணமா இருந்தா அந்த தவணையையும் சேத்து தான் நம்ம தகுதிய பாப்பாங்க, அதனால குடுத்தவங்க "இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்ல, வீட்டுல எனக்கு பங்கு இல்ல"னு எழுதி கையெழுத்து போடணும், கூடவே அவங்க ஸ்டேட்மென்ட்டும் வேணும். கேக்குறது நியாயம் தான், ஆனா ஒரே தடவைல கேக்கல, இன்னைக்கு லெட்டர், அடுத்த வாரம் ஸ்டேட்மென்ட், அதுக்கடுத்து உறவுக்கு ஆதாரம்னு நாலு தடவ அலைய விட்டாங்க, அதுவும் மே மாச வேலூர் வெயில்ல.

அப்பா ஒண்ணும் பேசாம கையெழுத்து போட்டுட்டாரு. மாமா தான். கைலி வியாபாரம், மஞ்சப்பைல 2 லட்சத்த கேஷா கட்டி எடுத்துக்கினு வந்து நிக்கிறாரு. மாமா, ஒரே ஆள்கிட்டருந்து ஒரே நாள்ல 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக்கூடாது, வாங்குனவன் மேல தான் அபராதம், வாங்குன அளவுக்கே போடலாம்னு சொன்னா "இன்னாடா மருமவனே, அக்கா பையனுக்கு குடுக்குறதுக்கு சர்க்கார கேக்கணுமா"ன்றாரு. திரும்ப எடுத்துனு போயி அவர் கணக்குல கட்டி, ஆர்டிஜிஎஸ்ல அனுப்பி, லெட்டர்ல கையெழுத்தும் போட்டாரு. "திருப்பித் தர வேண்டியதில்ல"ன்ற வரிய படிச்சிட்டு ஒரு மாதிரி சிரிச்சாரு பாருங்க, அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நான் என்ன செய்யணும்னு அந்த சிரிப்புலயே எழுதியிருந்துச்சு.

டாக்ஸ் விஷயத்துல ஆடிட்டர் தான் காப்பாத்துனாரு, பேங்க்ல யாரும் வாயே திறக்கல. அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, மாமா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா குடுத்தா எவ்வளவா இருந்தாலும் நமக்கு வரி இல்ல. பெரியப்பா பையன் ஒரு லட்சம் தரேன்னான், அவன் சட்டப்படி ரிலேட்டிவ் இல்லையாம்! அப்படி சட்டப்படி ரிலேட்டிவ் இல்லாதவங்க குடுக்குறது வருஷத்துக்கு எல்லாம் சேத்து 50,000 தாண்டுனா மொத்தத்துக்கும் வரி. பெரியப்பாவே குடுத்தா பிரச்சன இல்ல, மவன் குடுத்தா பிரச்சன, இந்த கணக்க எங்க வீட்டுல யாருக்கும் புரிய வைக்க முடியல. கடைசில அந்த ஒரு லட்சம் தேவைப்படல, அவன் தப்பிச்சான்.

அடுத்து மொய் காசு. கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்றது யார் குடுத்தாலும் வரி கெடையாது (கிரகப்பிரவேச மொய்க்கு இந்த சலுகை இல்ல, அதையும் ஆடிட்டர் தான் சொன்னாரு). ஆனா நான் ரெண்டு வருஷம் பீரோவுல வச்சிருந்துட்டு அப்ளை பண்ற மாசத்துல கொண்டுபோய் கட்டிட்டேன், அது என் தப்பு. ஆதாரம் கேட்டாங்க, மொய் நோட்ட கொண்டுபோய் வச்சேன். லோன் ஆபீசர் பக்கம் பக்கமா பொரட்டி பாத்துட்டு "இது திருப்பி செய்யணும்ல சார், அப்ப இது கடன் தானே?"ன்னு கேட்டாரு. கிண்டலா நெஜமாவான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கேள்வி சரியா தான இருக்கு, நானும் முழிச்சேன். மேனேஜர் அம்மா உள்ளருந்து வந்து "எங்க வீட்டுலயும் இதே மாதிரி நோட்டு இருக்கு, விடுங்க"ன்னு முடிச்சி வச்சாங்க, அவங்களுக்காக தான் மூணாவது ஸ்டார்.

மத்தபடி லோன் சைடுல குறை இல்ல. ஃப்ளோட்டிங் வட்டி (அப்பப்ப ஏறி இறங்குறது), முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் கெடையாது. இன்சூரன்ஸ் எடுத்தா தான் சாங்ஷன்ன்ற மாதிரி பேசுனாங்க, கட்டாயம்னா எழுத்துல குடுங்கன்னு கேட்டதும் அந்த பேச்ச விட்டுட்டாங்க. வக்கீல் பத்திரத்த பாத்து குடுக்குற லீகல் ஒப்பீனியன் மட்டும் மூணு வாரம் இழுத்துச்சு. காட்பாடி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் அன்னைக்கு செக் கரெக்டா வந்து சேந்துச்சு.

ஒரே ஒரு பாக்கி. ஜெராக்ஸ் எடுத்துட்டு தரேன்னு வாங்கி வச்ச மொய் நோட்டு ஃபைலோட வேற ஆபீசுக்கு போயிடுச்சாம், ரெண்டு தடவ கேட்டாச்சு, தேடுறோம்னு சொல்றாங்க. வர்ற மாசம் பள்ளிகொண்டால ஒரு கல்யாணம், அதுக்கடுத்த வாரம் ஆற்காட்டுல ஒண்ணு, அவங்க எங்களுக்கு எவ்ளோ எழுதுனாங்கன்னு அதுல தான் இருக்கு.