66 வயதில் முன்தோல் நீக்கம்: மதுரையில் ஒரு பகல்நேர மருத்துவமனை அனுபவம்

மதுரையில், அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் ஒரு சிறிய சிறுநீரியல் மருத்துவமனையில் சென்ற தை மாதம் எனக்கு ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் அறுவை நடந்தது. எனக்கு வயது 66. சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. வெளியில் சொல்லக் கூசிக்கொண்டு அரிப்பையும் எரிச்சலையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் என் வயதில் நிறையப் பேர் என்பதால், அங்கு கண்ட நிறை குறை இரண்டையும் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

தொல்லை தொடங்கியது அறுவைக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பு. முன்தோலின் விளிம்பில் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெடிப்புகள் தோன்றின. சிறுநீர் பட்டால் உயிர் போகும். வெடிப்பு ஆறியதும் தோல் இறுகும், மறுபடி பின்னுக்கு இழுத்தால் மறுபடி வெடிக்கும். நாளடைவில் தோல் பின்னுக்கே வராமல் போனது. சுத்தம் போதவில்லை போலும் என்று நானாகவே முடிவு கட்டி, கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தினமும் கழுவினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

முதலில் போனது, பேருந்து நிலையச் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்த வேறொரு மையம். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆளைப் பார்க்காமலே 'லேசர் முறை, 45,000 ரூபாய், நாளைக்கே செய்யலாம்' என்றார்கள். துருவிக் கேட்டபிறகுதான், லேசர் என்று அவர்கள் சொன்னது வெட்டுவதையும் பின் அடிப்பதையும் ஒரே அழுத்தத்தில் செய்துவிடும் ஸ்டேப்லர் கருவியை என்று தெரிந்தது. கருவி மோசமானதல்ல, பொருத்தமானவர்களுக்கு வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும், பின்களும் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடும். என் சர்க்கரை அளவைக்கூடக் கேட்காமல் தேதி குறித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதாகப் போன இந்த மருத்துவமனையில், யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் மருத்துவர்) முதலில் கேட்டது என் மாத்திரைச் சீட்டை. அதில் டாபாகிளிஃப்ளோசின் என்ற பெயருக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். இரத்தத்தில் மிகும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலை. கடைசிச் சொட்டுகள் முன்தோலுக்குள் தங்கும்போது அந்த இனிப்பில் பூஞ்சைக் காளான் பெருகும் என்று அவர் சொன்னபோது, ஓராண்டாக என்னைப் படுத்திய புதிர் ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து என்பதால் நானாக நிறுத்தக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, என் சர்க்கரை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். எத்தனை இடங்களில் இது நடக்கும்?

அறுவையை அவர் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரம் காளானுக்கான களிம்பு, பிறகு ஆறு வாரம் ஸ்டீராய்டு களிம்பு. கிருமிநாசினியும் வாசனைச் சோப்பும் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கழுவியபின் ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும் என்றார். வலுக்கட்டாயமாகத் தோலை இழுக்கக் கூடாது. பின்னுக்குத் தள்ள முடிகிறவர்களும் கழுவி முடித்ததும் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், ஆணுறுப்பின் நுனியிலுள்ள மொட்டுக்குப் பின்னால் சிக்கி வீங்கிவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதையும் படம் வரைந்து விளக்கினார். அரிப்பு அடங்கியது. ஆனால் தோலின் நுனியில் மோதிரம்போல் வெளுத்து இறுகியிருந்த வளையம் இளகவில்லை. அப்போதுதான் அறுவை என்ற பேச்சே வந்தது. தழும்பேறிய தோலுக்கு ஸ்டேப்லர் சரிவராது என்று கையால் தையல் போடும் முறையையே தேர்ந்தெடுத்தார்.

செய்தி தெரிந்ததும் பக்கத்து வீட்டு பாய் சிரித்துக்கொண்டே, "நாங்க ஆறு வயசுல முடிச்சதை நீங்க அறுபத்தாறுல ஆரம்பிக்கிறீங்க சார்" என்றார். அவர் சொன்ன தைரியமும் உதவியது என்றே சொல்ல வேண்டும்.

அறுவை முக்கால் மணி நேரம் நடந்தது. ஆணுறுப்பின் அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போடும்போது இரண்டு முறை சுருக்கென்றது. அதன்பின் யாரோ தொடுவதும் இழுப்பதும் தெரிந்தனவே தவிர வலி இல்லை. புறப்படும்போது ஒரு செவிலியர் காகிதத் தேநீர்க் கோப்பையின் அடியைக் கத்தரித்து, "அப்பா, இதைக் கவிழ்த்து வெச்சுக்கிட்டு மேல வேட்டியைக் கட்டிக்கங்க, துணி உரசாது" என்று கொடுத்தார். அந்த அரை ரூபாய்க் கோப்பை செய்த உபகாரத்தை எந்த மாத்திரையும் செய்யவில்லை. மூடியே இருந்து பழகிய மொட்டு திடீரென்று திறந்துகொண்டதால், முதல் பத்து நாட்கள் நூல் பட்டாலும் கூசியது. விடியற்காலை விறைப்பு இந்த வயதில் ஒரு தொந்தரவாகும் என்று நான் எண்ணியதில்லை. தையல் இழுபடும்போது எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுச் சற்று நடந்தால் தணிந்தது.

நீக்கிய தோலைக் குப்பையில் போடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்று முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை; ஆனால் அந்தத் தோல் நோய் சிறுநீர்த் துவாரத்தையும் சுருக்கக்கூடும், அரிதாகப் புற்றாகவும் மாறக்கூடும் என்பதால் அவ்வப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இனிக் குறைகள். பதிவு மேசையில் இருந்த பையன், காத்திருந்த இருபது பேர் காதிலும் விழும்படி என் பெயரையும் அறுவையின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டான். இது மன்னிக்க முடியாதது. கட்டுப் பிரித்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 75 மாத்திரையை நான் தினமும் சாப்பிடுவதை முந்தைய நாள் மாலையில்தான் கவனித்தார்கள். இதய மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்க ஒரு வாரம் தள்ளிப்போனது. மொத்தச் செலவு 24,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனங்கள் நோய்க்காகச் செய்யும் முன்தோல் நீக்கத்துக்குத்தான் பெரும்பாலும் பணம் தருகின்றன என்பதால், காரணத்தை மருத்துவர் தம் கைப்பட எழுதியிருக்க வேண்டும். என் டிஸ்சார்ஜ் தாளில் அது விடுபட்டிருந்து, திருத்தி வாங்க இன்னொரு நடை நடந்தேன்.

இன்னொன்று: அறுவை அரங்கு இரண்டாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. ஏறும்போது தெரியவில்லை; கோப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கும்போது தெரிந்தது.