கைப்பிடியா, தராசா?

கீழக்கரையில் எங்கள் தெருவுக்கு யாராவது துபாயிலிருந்து வந்து இறங்கினால், பெட்டியில் பாதாம், பிஸ்தா கட்டாயம் இருக்கும். தட்டு காலியாகும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு போதும்? பொதுவாகச் சொல்வது சுமார் 30 கிராம். அதை அளக்க இரண்டு வழி.

கைப்பிடி சுலபம். ஆனால் யார் கை? போன வாரம் மச்சானும் உம்மாவும் அள்ளிய வறுத்த நிலக்கடலையைச் சமையல்கட்டு டிஜிட்டல் தராசில் தனித்தனியே வைத்துப் பார்த்தேன். வலை இழுத்துக் காய்த்துப்போன மச்சான் கையில் 52 கிராம், உம்மா கையில் 27. முப்பது கிராம் கடலைக்கே ஏறக்குறைய 170 கலோரி. மச்சான் ஒரே அள்ளலில் 300-ஐ நெருங்கிவிட்டார். "இது சும்மா கொறிக்கிறதுதானே" என்று சிரிப்பு வேறு.

தராசில் இந்தத் தகராறு இல்லை. ஆனால் சாயங்காலம் பாம்பன் பாலத்துப் பக்கம் கடலைப் பொட்டலம் வாங்கும்போது அதைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அவித்த கடலை என்றால் தோலின் எடையும் சேர்ந்துவிடும்.

நான் தராசுக் கட்சிதான், ஆனால் ஒரே ஒரு நாளைக்கு. 30 கிராம் எடை போட்ட பிறகு எண்ணிப் பாருங்கள்: பாதாம் 25 வாக்கில் வரும், முந்திரி 20-க்குள். அப்புறம் அந்த அளவு பிடிக்கிற கிண்ணம் ஒன்றை டப்பாவிலேயே போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் அது கஹ்வா (அரபுக் காப்பி) குடிக்கும் காதில்லாத குட்டிக் கோப்பை. உப்புப் பிஸ்தா மட்டும் உம்மாவுக்குக் கிடையாது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.