லிஸ்கேனரா, டூனா? அயர்லாந்தின் இரண்டு புனித ஊற்றுகள்

புனிதக் கிணறு என்று பெயர்தானே தவிர, அயர்லாந்தில் இவை பெரும்பாலும் ஊற்றுகள்தான், கயிறு வாளியெல்லாம் தேட வேண்டாம்.

கிளேர் மாவட்டத்தில், மோகர் செங்குத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது லிஸ்கேனர். அங்குள்ள, அயர்லாந்தின் பெண் புனிதர் பிரிஜிட்டின் ஊற்றுக்குக் குகை மாதிரி ஒரு இருட்டு வழியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் இறந்தவர்களின் புகைப்படங்கள், ஜெபமாலைகள், மாதா சிலைகள், ஈரத்தில் ஓரம் சுருண்ட நினைவு அட்டைகள், அதையெல்லாம் தாண்டினால்தான் தண்ணீர். டொனிகால் மாவட்டத்தின் டூன் ஊற்று நேர்மாறு. திறந்தவெளி, வெறுங்காலோடு போகும் வழக்கம், பக்கத்துப் புதரெல்லாம் துணி. கட்டிய துணி மக்க மக்க நோயும் கரையும் என்பது பழைய நம்பிக்கை. சரி, இப்போது கட்டுகிற நைலான் எந்தக் காலத்தில் மக்கும்?

லிஸ்கேனரில் முன்பு ஜூலை கடைசி ஞாயிறை ஒட்டி இரவெல்லாம் கண்விழித்து ஜெபித்துவிட்டு, அப்புறம் லஹின்ச் கடற்கரைக்குக் கொண்டாடப் போவார்கள். அந்தக் கூட்டம் இன்று இல்லை. 2023 முதல் பிரிஜிட் பெயரில் நாடு முழுக்க பொது விடுமுறை உண்டு, ஆனால் விடுமுறை கிடைத்தவர்கள் எல்லோரும் ஊற்றுக்கா போகிறார்கள்?

ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் ஓட்டு லிஸ்கேனருக்கு, அந்தச் சுவர்களுக்காகவே.