இமை அறுவைக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும் என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள்

என் மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. கண் சிகிச்சையோடு முகப்பொலிவுச் சிகிச்சையும் செய்கிற ஒரு தனியார் கிளினிக் என்பதற்கு மேல் அடையாளம் சொல்லப்போவதில்லை. கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மேலிமைத் தோல் தளர்ந்து கண்மேல் மடிந்து விழுந்திருந்தது. எதைப் படிப்பதானாலும் புருவத்தைத் தூக்கியே படிக்க வேண்டியிருந்ததால், மாலையானால் நெற்றி வலி. கிளினிக்கின் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் எங்கள் பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பார்வையை மறைக்கிற இமைக்கு இன்சூரன்ஸ் உண்டும்மா, முதலில் பணத்தைக் கட்டிவிடுங்கள், கிளெய்மை நாங்களே போட்டு வாங்கித் தருகிறோம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கனிவுக்கு முன்னால் எழுத்தில் கேட்க யாருக்கு மனம் வரும்? கட்டினேன்.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. முன் அனுமதி, இமை தொங்கியபடி ஒருமுறையும் டேப் ஒட்டித் தூக்கி ஒருமுறையும் எடுத்த பார்வைப்புலச் சோதனை (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று அளப்பது), இயல்பாக 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டிய, கண்மணியின் நடுவுக்கும் மேலிமை விளிம்புக்கும் உள்ள இடைவெளியின் அளவு, புருவத்தைத் தளர்த்தி எடுத்த படங்கள் ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்டது. கிளினிக்கிடம் இருந்ததோ அம்மா புருவத்தை உயர்த்திச் சிரிக்கிற ஒரே படம். விளம்பரத்துக்காக எடுத்தது போலும். புருவம் உயர்ந்தால் இமையும் சேர்ந்து உயரும் என்பது கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, பெரும்பாலும் அழகு சிகிச்சையாகவே கருதப்படும் கீழிமைப் பை நீக்கத்தையும் அவர்களே பரிந்துரைத்துச் சேர்த்துச் செய்து, பில்லில் எல்லாவற்றையும் 'அழகியல் இமைச் சீரமைப்பு' என்று ஒரே வரியில் அடக்கியிருந்தார்கள். வெட்டித் தைத்துச் சரிசெய்த இமையில் இனி எந்தச் சோதனையை எடுத்துக் காட்டுவது?

கேட்கப் போனால், காப்பீட்டுப் பிரிவு டாக்டரைக் காட்டுகிறது, டாக்டர் கணக்குப் பிரிவைக் காட்டுகிறார், கணக்குப் பிரிவோ "பாலிசி உங்களுடையது, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்கிறது. மேலாளர், "அறுவை நன்றாகத்தானே வந்திருக்கிறது" என்று சிரிக்கிறார். மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டால் தையல் நேர்த்தியைக் காட்டுகிறார்கள்!

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் அறுவைக்குத் தேதி குறிக்காதீர்கள். டேப் சோதனையையும் படங்களையும் முன்பே எடுத்து நகல் வாங்குங்கள். கீழிமைக்குத் தனி பில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. எங்களுக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது, கிளினிக்கோ மருத்துவக் குறிப்புகளின் நகலைக்கூட இன்னும் தரவில்லை.