வேர் பிடித்துப் படிக்க நல்ல புத்தகம், ஆனால் இன்டர்வியூவுக்குப் போதாது

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தங்கைக்காக நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ என்ற ஆங்கிலச் சொல்வளப் புத்தகம் வாங்கினேன். 1949-இல் முதலில் வந்தது. சொற்களைக் கற்றுத்தரும் முதல் பாடமே மனிதர்களின் குணங்கள்தான். ஈகோயிஸ்ட் தன் நலமே பெரிதென்று இருப்பவர்; ஈகோட்டிஸ்ட் ஓயாமல் தன் பெருமை பேசுபவர். எங்கள் சொந்தக்காரர்களில் இரண்டாவது ரகம்தான் அதிகம்.

சொற்களை அவை பிறந்த வேர்ச்சொல்லோடு சொல்லித் தருகிறார். ‘வெர்டோ’ என்றால் லத்தீனில் திருப்புதல். மனம் உள்ளே திரும்பினால் இன்ட்ரோவர்ட், வெளியே திரும்பினால் எக்ஸ்ட்ரோவர்ட், இரண்டு பக்கமும் சாய்ந்தால் ஆம்பிவர்ட். ஒரு வேரைப் பிடித்தால் மூன்று சொல் கையோடு வருகிறது. உச்சரிப்பும் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார். அது அமெரிக்க உச்சரிப்பு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்றால், முதல் பத்துச் சொற்களில் மனிதரை வெறுப்பவர், பெண்களை வெறுப்பவர், கல்யாணத்தை வெறுப்பவர் என்று மூன்று பேர்! இன்டர்வியூவில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் இவர்களா கைகொடுப்பார்கள்? ரிலையபிள் (நம்பகமானவர்), பேஷன்ட் (பொறுமையானவர்) மாதிரி அன்றாடச் சொற்களுக்கு நல்ல அகராதி ஒன்றும் பக்கத்தில் வேண்டும்.

அப்புறம், பயிற்சிகளைப் பென்சிலில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அடுத்து தம்பி காத்திருக்கிறான்.