மாநிலமா, கவுன்டியா, பள்ளி மாவட்டமா? அமெரிக்காவில் சிறு ஐடி நிறுவனம் எந்த அரசு டெண்டரில் கைவைக்கலாம்

அமெரிக்காவில் "கவர்ன்மென்ட் வேலை எடுக்கலாமா" என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் நேராக வாஷிங்டனைத்தான் பார்க்கிறார்கள். மத்திய அரசின் டெண்டர்கள் வெளியாகும் சாம் (SAM.gov) தளத்தில் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் அதையே திறந்து திறந்து மூடுகிறார்கள். அந்தத் தளத்தில் வராத பெரிய சந்தை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 50 மாநிலங்கள். அவற்றுக்குக் கீழே, 2022-இல் எடுத்த அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, சுமார் 90,000 உள்ளாட்சி அமைப்புகள்: கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), நகராட்சி, பள்ளி மாவட்டம், தண்ணீர் வாரியம், நூலக மாவட்டம் என்று. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பொருளும் சேவையும் வாங்குகிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித் தளம், தனி விதி.

சந்தை பெரிது என்பதே சிக்கலும்கூட. ஐந்தாறு பேரை வைத்து நிறுவனம் நடத்துபவரால் எல்லாவற்றுக்கும் பிட் போட முடியாது. ஒரு முழு ஆர்எஃப்பிக்கு (முன்மொழிவு கேட்டு மதிப்பெண் போடும் டெண்டர்) ஒழுங்காகப் பதில் எழுத உட்கார்ந்தால், வாடிக்கையாளர் வேலை பார்க்க வேண்டிய ஆட்களின் நேரம் வாரக்கணக்கில் போய்விடும். எந்த விலைக்குப் போடுவது என்று இரவெல்லாம் எக்ஸெலில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்குப் போடுவது என்று அவர்கள் அரை மணி நேரம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். தோல்வி பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு வேலை செய்த அனுபவம் இன்னும் இல்லாத நிறுவனம், கார் ஓட்டிப் போகும் தூரத்தில் உள்ள கவுன்டியிலும் நகராட்சியிலும் தொடங்குவதே நல்லது. கூடவே ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் சப்-கான்ட்ராக்டராக ஒரு மாநில வேலையில் நுழைந்துகொள்ளலாம். மாநிலத் துறையின் நேரடி ஆர்எஃப்பி அதற்கப்புறம்தான். ஏன் என்பதைக் காகிதத்தை வைத்தே பார்க்கலாம்.

மாநில ஆர்எஃப்பியும் கவுன்டி ஆர்எஃப்பியும்: முதலில் பார்க்க வேண்டிய பக்கம்

ஒரே வாரத்தில் இரண்டு டெண்டர் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மாநில சுகாதாரத் துறையுடையது: பழைய விண்ணப்ப மென்பொருளைப் புது தளத்துக்கு மாற்றும் மூன்று ஆண்டு வேலை, 40 லட்சம் டாலர், 140 பக்கம். இன்னொன்று ஒரு கவுன்டியின் ஹெல்ப்டெஸ்க், நெட்வொர்க் பராமரிப்பு: ஆண்டுக்கு 1,80,000 டாலர், ஓராண்டு, அதன் பிறகு இரண்டு முறை நீட்டிக்கலாம், 22 பக்கம்.

தொகையைப் பார்த்து மாநில வேலை பக்கம் கை போகும். அதற்கு முன் குறைந்தபட்சத் தகுதி என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் திறக்க வேண்டும். "கடந்த ஐந்து ஆண்டுகளில், இதே அளவில், மாநில அரசுத் துறைகளுக்கு மூன்று வேலைகள் முடித்திருக்க வேண்டும்" என்று இருந்தால், நீங்கள் எழுதும் மற்ற பக்கங்களை யாரும் படிக்கப்போவதில்லை. தகுதி இல்லை என்று முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். "கட்டாயம்" என்று இருப்பதை "விரும்பத்தக்கது" என்று நமக்கு வசதியாகப் படித்துக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபரீதம்.

அடுத்தது மதிப்பெண் பக்கம். மாநில டெண்டரில் விலைக்கு 20, அனுபவத்துக்கு 35, செயல்முறைக்கு 30, ஆட்களுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிறுவனம் அனுபவத்தில் 33 வாங்கும். புதிதாக வரும் உங்களுக்கு 15 கிடைத்தாலே பெரிது. ஆக 18 பின்தங்கித்தான் தொடங்குகிறீர்கள். விலையைக் குறைத்து ஈடுகட்டலாமே என்றால், அவர் விலையைவிட 25 சதவீதம் குறைத்துப் போட்டாலும், குறைந்த விலைக்கு முழு மதிப்பெண், மற்றதுக்கு விலை விகிதத்தில் என்ற வழக்கமான சூத்திரப்படி உங்களுக்கு 20, அவருக்கு 15. லாபத்தை எல்லாம் கொட்டி நீங்கள் பிடித்தது வெறும் 5 மதிப்பெண்.

கவுன்டி டெண்டரில் கணக்கே வேறாக இருக்கலாம். விலைக்கு 40. அனுபவத்துக்கு 20, அதிலும் தனியார் வாடிக்கையாளர்களின் சான்றே போதும். "அழைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் நேரில் வர வேண்டும்" என்ற நிபந்தனைக்கு 15. வெளி மாநிலத்திலிருந்து போடும் பெரிய நிறுவனத்துக்கு அந்த வரி தலைவலி. அதே ஊரில் இருக்கும் ஆறு பேர் நிறுவனத்துக்கு அதுதான் துருப்புச்சீட்டு. டெண்டர் ஆவணத்தில் இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்த ஆவணத்தை மூடாதீர்கள்.

ஏற்கெனவே ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரா, இப்போது ஆண்டுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதை வெளிப்படையாகவே கேட்கலாம். கேள்விகளுக்கென்று ஒரு கடைசித் தேதி இருக்கும். கேள்விகளும் பதில்களும் எல்லோருக்கும் இணைப்பாக வெளியாகும். அந்த இணைப்பைப் பொறுமையாகப் படித்தால் நிறைய தெரியும். கேள்விகள் மிக நுணுக்கமாக, உள்ளிருந்து பார்த்தவர் கேட்பது போல இருந்தால் போட்டி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. கலிபோர்னியா, டெக்சஸ், புளோரிடா உட்பட எல்லா மாநிலங்களிலும் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. போன முறை வென்ற நிறுவனத்தின் முன்மொழிவையும் மதிப்பெண் தாள்களையும் எழுதிக் கேட்டால், வணிக ரகசியம் என்று ஒதுக்கிய பகுதிகள் நீங்கலாகக் கொடுப்பார்கள். இத்தனை பேருக்கு இத்தனை மதிப்பெண், இன்ன காரணத்துக்காக என்று அதிகாரிகளே கைப்பட எழுதியது அதில் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்கு ஈடாகாது.

பணம் எப்போது வரும்

இந்த ஒன்றில் சறுக்கினால் வென்ற டெண்டரே நிறுவனத்தை மூழ்கடித்துவிடும். ஐந்து பேரை வேலைக்கு அனுப்புகிறீர்கள். ஆளுக்கு மாதம் 8,000 டாலர் சம்பளம். மாதம் 40,000. செப்டம்பர் வேலைக்கு அக்டோபர் முதல் தேதி பில் போடுகிறீர்கள். கலிபோர்னிய மாநிலத் துறைகளுக்குச் சட்டப்படி 45 நாள் அவகாசம். நவம்பர் நடுவில்தான் முதல் காசோலை. அதற்குள் இரண்டரை மாதச் சம்பளம், 1 லட்சம் டாலர், உங்கள் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ போயிருக்கும். பில்லில் ஒரு பிழை என்று திருப்பி அனுப்பினால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

டெக்சஸில் 30 நாள். அங்கே உள்ளாட்சிகளுக்கு ஒரு விதிவிலக்கு: ஆட்சிக்குழு மாதத்துக்கு ஒரு முறையோ அதைவிடக் குறைவாகவோதான் கூடும் என்றால் 45 நாள். நியூயார்க் மாநகராட்சியில் கையெழுத்தான ஒப்பந்தத்தை கம்ப்ட்ரோலர் (நகரத்தின் தலைமை நிதி அதிகாரி) அலுவலகம் பதிவு செய்யும்வரை பணம் வராது. வேலை தொடங்கி மாதங்கள் கழித்துப் பதிவான ஒப்பந்தங்களால் அங்கே தொண்டு நிறுவனங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. எனவே கவுன்டி சிறிது, அதனால் சீக்கிரம் தந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. எத்தனை நாளில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, யார் கையெழுத்திட வேண்டும், அவர்கள் எப்போது கூடுகிறார்கள் என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அநேகமாக எல்லா அரசு ஒப்பந்தங்களிலும், வரும் ஆண்டு பட்ஜெட்டில் நிதி ஒதுக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு பிரிவு இருக்கும். மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தாலும் உறுதியானது ஓராண்டுதான். கொரோனா காலத்து நிவாரணச் சட்டத்தின்கீழ் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கொடுத்த 350 பில்லியன் டாலரை 2024 டிசம்பர் 31-க்குள் ஒப்பந்தமாக்கி, 2026 டிசம்பர் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பணத்தில் ஓடும் வேலையை நம்பி ஆட்களை நிரந்தரமாக எடுப்பது சரியல்ல. தண்ணீர் வரி, சொத்து வரி போன்ற உள்ளூர் வருமானத்தில் நடக்கும் வேலை தொகையில் சிறியதாக இருந்தாலும் நீடிக்கும்.

விலை மட்டும் பார்க்கும் டெண்டர்

ஐஎஃப்பி (விலை கேட்டு அழைக்கும் டெண்டர்) வகை. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. லேப்டாப், ஸ்விட்ச், லைசென்ஸ் என்று பொருளாக இருந்தால் விட்டுவிடுங்கள்; தயாரிப்பாளரிடம் பெரிய தள்ளுபடி வைத்திருப்பவர்களோடு சிறு நிறுவனம் மல்லுக்கட்ட முடியாது.

மாஸ்டர் கான்ட்ராக்ட், கூட்டுக் கொள்முதல்

டெக்சஸ் மாநிலத்தின் ஐடி துறையான டிஐஆரின் ஒப்பந்தம், பல மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் நாஸ்போ வேல்யூபாயின்ட், மினசோட்டாவிலிருந்து இயங்கும் சோர்ஸ்வெல் ஆகியவை இந்த வகை. ஒரு முறை போட்டியிட்டுப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டால், மற்ற அரசு அமைப்புகள் தனியாக முழு டெண்டர் விடாமலே உங்களிடம் வாங்கலாம். கேட்கும்போது இனிக்கிறது. பந்தியில் இடம் கிடைப்பது வேறு, இலையில் சோறு விழுவது வேறு. பட்டியலில் நூறு பேர் இருப்பார்கள். வேலையைத் தேடிப் போய் விற்பது உங்கள் பொறுப்பு. விற்பனையில் ஒரு சிறு பங்கை நிர்வாகக் கட்டணமாகக் கட்ட வேண்டும், விற்பனை அறிக்கையைக் காலம் தவறாமல் அனுப்ப வேண்டும். நாஸ்போவில் இன்னொரு படியும் உண்டு: ஒவ்வொரு மாநிலமும் தனியாக இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் அங்கே விற்க முடியும். முழுநேர விற்பனை ஆள் இல்லாத நிறுவனத்துக்கு இது இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்களை ஏற்கெனவே தெரிந்த இரண்டு மூன்று நகராட்சிகள் "நீங்கள் டிஐஆரில் இருந்தால் நாளைக்கே வாங்கிவிடுவோம்" என்று சொல்லும் நிலை வந்தால் உடனே விண்ணப்பியுங்கள்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மாநிலத்தின் சிறு நிறுவனச் சான்று. வழக்கமான டெண்டர்களில் 5 சதவீத விலைச் சலுகை கிடைக்கும் என்பதற்காகத்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். அதன் உண்மையான பலன் வேறு இடத்தில். 5,000 டாலருக்கு மேல், 2,50,000 டாலருக்குக் கீழ் உள்ள சேவைகளையும் பொருள்களையும், சான்று பெற்ற இரண்டு சிறு நிறுவனங்களிடம் விலை கேட்டுவிட்டு, விளம்பரம் செய்யாமலே மாநிலத் துறைகள் வாங்கலாம். 140 பக்கப் போட்டிக்குப் பதிலாக இரண்டு பேருக்கு இடையில் போட்டி! மாநில வேலை வேண்டும் என்றால் இந்த வாசல் வழியாகப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தலைமை அலுவலகம் கலிபோர்னியாவிலேயே இருக்க வேண்டும்.

பள்ளி மாவட்டம்

பள்ளி நெட்வொர்க் வேலைகளில் பெரும்பகுதி ஈ-ரேட் என்ற மத்திய மானியத்தில் நடக்கிறது. விதிகள் தெளிவு. பள்ளி தனக்கு என்ன தேவை என்று அறிவிக்கும் படிவம் 470-ஐப் பதிவேற்றிய பின் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணில் விலைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை தர வேண்டும். யார் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பது பொதுவில் கிடைக்கிறது. அந்த வகையில் கவுன்டியைவிட நேர்மையான களம் இது.

ஆனால் சுவருக்குள் கேபிள் இழுக்கும் வேலை என்றால் கதை மாறும். கலிபோர்னியாவில் 1,000 டாலரைத் தாண்டிய பொதுப்பணி என்றாலே அரசு நிர்ணயித்த கூலி விகிதம் பொருந்தும்; தாழ்மின்னழுத்த வேலைக்கு சி-7 உரிமம் வேண்டும். இதெல்லாம் தெரியாமல் விலை சொன்னால் கூலியிலேயே கைக்காசு போகும். மானியம் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில பள்ளிகள் வேலையைக் கைவிடும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. வயரிங் ஆட்கள் உங்களிடம் இருந்தால் கவுன்டிக்கு நிகராக இதை வைக்கலாம். வெறும் மென்பொருள் நிறுவனம் என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

சப்-கான்ட்ராக்ட்

மேலே சொன்ன "மாநிலத்துக்கு மூன்று வேலை" என்ற நிபந்தனையை எங்கிருந்தாவது நிரப்பத் தொடங்க வேண்டுமே, அதற்கு இதுதான் வழி. நியூயார்க் போன்ற மாநிலங்களில் பெரிய ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 30 சதவீதம் என்ற இலக்கு இருப்பதால், முதன்மை ஒப்பந்ததாரர்களே சான்று பெற்ற நிறுவனங்களைத் தேடுகிறார்கள். டெண்டருக்கு முன் நடக்கும் கூட்டத்துக்கு வந்தவர்களின் பட்டியலைப் பெரும்பாலும் வெளியிடுவார்கள். யாரைத் தொடர்புகொள்வது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயம். அரசிடமிருந்து பணம் வந்தால்தான் உங்களுக்கு என்று எழுதியிருந்தால், அதற்கு ஒரு கடைசி நாளைப் போடச் சொல்லுங்கள். வென்ற பிறகு உங்களைக் கழற்றிவிட முடியாதபடி, எந்தப் பகுதி வேலை, எத்தனை சதவீதம் என்று முன்மொழிவிலேயே உங்கள் பெயரோடு எழுத வையுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள்.

எந்த மாதத்தில் தேடுவது

46 மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஏப்ரல் 1, டெக்சஸில் செப்டம்பர் 1, அலபாமாவிலும் மிச்சிகனிலும் அக்டோபர் 1. உள்ளாட்சிகள் அதே தேதியைப் பின்பற்ற வேண்டியதில்லை. உங்கள் கவுன்டியின் தேதியை அதன் பட்ஜெட் ஆவணத்தின் முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தங்கள் பலவும் நிதியாண்டோடு முடிகிறபடிதான் எழுதப்படுகின்றன. எனவே டெண்டர் வெளியாகும் நாளுக்காகக் காத்திருக்காமல், இப்போது ஓடும் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இன்னும் எத்தனை நீட்டிப்பு பாக்கி என்று கேட்டு எழுதி வையுங்கள். முடிவதற்கு ஆறேழு மாதம் முன்பாகக் கொள்முதல் அதிகாரியைப் போய்ப் பார்க்கலாம்; டெண்டர் வெளியாகிவிட்டால் தனியாகப் பேச அவருக்கு அனுமதி இருக்காது.